அணைந்த பிறகு ஏறிய தண்ணீர்

ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. அதைக் கொளுத்திவிட்டுக் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால் சற்று நேரத்தில் சுடர் அணையும். தட்டில் இருக்கும் தண்ணீர் தம்ளருக்குள் ஏறும். நம் ஊரில் பள்ளிக்கூடம் போனவர்களில் பெரும்பாலோர் இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருப்பார்கள், அல்லது செய்து பார்த்ததாக நோட்டில் எழுதியிருப்பார்கள். எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். அது தீர்ந்ததும் சுடர் அணைகிறது. காலியான ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது. ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். விழுப்புரம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் நான். இந்த நான்கு வரியை எத்தனை முறை கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

ஒருநாள் ஏழாம் வகுப்பில் வழக்கம்போல் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். மூன்றாவது வரிசையில் இருந்த பெண் எழுந்தாள். "சார், எரியறப்ப தண்ணி ஏறல. அணைஞ்சதுக்கு அப்புறந்தான் சார் ஏறுது."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா, உட்காரு" என்றேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்தது.

ஆனால் அவள் சொன்னது என்னை விடவில்லை. அன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அலமாரியைத் திறந்து தட்டையும் தம்ளரையும் எடுத்து வைத்து, முதல்முறையாக அந்தச் சோதனையைப் 'பார்த்தேன்'. தம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பிலிருந்து சில குமிழிகள் வெளியேறின. சுடர் எரிந்த நேரமெல்லாம் தண்ணீர் மட்டம் பெரிதாக அசையவில்லை. சுடர் சுருங்கியது, ஒரு இழை புகை விட்டு அணைந்தது. அதன்பிறகுதான் தண்ணீர் சரசரவென்று மேலேறியது. ஆக்சிஜன் செலவாவதுதான் காரணம் என்றால், செலவாகிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். அவள் சரியாகப் பார்த்திருந்தாள். அத்தனை வருடம் நான் பார்க்கவேயில்லை.

மறுநாள் வகுப்பில் அவளை எழுப்பி, நேற்றுச் சொன்னதை எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி சொல்லச் சொன்னேன். "இப்ப என்ன செஞ்சா இதுக்குப் பதில் தெரியும்?" என்று கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் விழித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "நாலு மெழுகுவத்தி வச்சுப் பாக்கலாமா சார்?" என்றான். ஒன்று, இரண்டு, நான்கு என்று வைத்துப் பார்த்தோம். தம்ளர் அதேதான். அதற்குள் இருக்கும் காற்றும் அதே அளவு. ஐந்தில் ஒரு பங்குதான் காரணம் என்றால் மெழுகுவர்த்தி எத்தனை இருந்தாலும் தண்ணீர் ஒரே உயரத்துக்குத்தான் ஏற வேண்டும். ஆனால் நான்கு வைத்தபோது தண்ணீர் மிக உயரமாக ஏறியது. வகுப்பே தட்டைச் சுற்றி மொய்த்துக்கொண்டது. "சூட்டாலதான் சார்" என்றது ஒரு குரல். இன்னொரு பெண் சொன்னதுதான் இன்றும் என் காதில் இருக்கிறது: "சூடா சோத்தப் போட்டு மூடுனா மத்தியானம் டிபன் பாக்ஸ் மூடி தொறக்கவே மாட்டேங்குதே, அது மாதிரியா சார்?"

அது மாதிரியேதான். சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி குமிழியாக வெளியேறிவிடுகிறது. அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகிவிடுகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துபோவதும் இல்லை. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்திச் சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கரியமில வாயுவும் நீராவியும் தம்ளருக்குள்ளேயே உருவாகின்றன. சில சமயம் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறிநிற்பது தற்செயல். கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்தியத்தின் ஃபிலோ என்ற கிரேக்கர் இந்தச் சோதனையை எழுதி வைத்திருக்கிறார். அதற்கான தவறான விளக்கத்துக்கும் நெடிய ஆயுள் வாய்த்துவிட்டது.

நான் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவன். ஆசிரியர் பயிற்சியும் முடித்தவன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு நிமிடத்தில் பார்த்ததை நான் ஏன் பார்க்கவில்லை? விடையைக் கையில் வைத்துக்கொண்டு தம்ளரைப் பார்த்தேன். அவளுக்கு விடை தெரியாது. அதனால் தம்ளரை மட்டும் பார்த்தாள்.

கல்வித் துறைச் சுற்றறிக்கைகளும் பயிற்சிக் கையேடுகளும் இப்போது அடிக்கடி வலியுறுத்துகிற வினவல்வழிக் கற்றல் என்பதன் சாரம் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிள்ளை தானே கேள்வி எழுப்ப வேண்டும்; அதற்கு எப்படி விடை தேடலாம் என்று யோசிக்க வேண்டும்; செய்து பார்த்து, கண்ணில் பட்டதை உள்ளபடி எழுத வேண்டும்; பிறகு அதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது என்று வகுப்போடு வாதாட வேண்டும். இதில் மிகக் கடினமானது மூன்றாவது. கண்ணில் பட்டதை உள்ளபடி எழுதுவதற்கு நம் வகுப்பறைகளில் இடமே இல்லை. அந்த இடத்தை உண்டாக்காமல் எத்தனை உபகரணப் பெட்டி கொடுத்தாலும், எத்தனை பயிற்சி நடத்தினாலும் பயனில்லை.

நம் மொழியில் 'கேள்வி' என்ற சொல்லுக்குச் செவிமடுத்தல் என்பது பழைய பொருள். திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'கேள்வி'. அது வினாத் தொடுப்பதைப் பற்றிப் பேசுவதில்லை; கற்றவர் சொல்லக் காதால் கேட்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆசிரியரிடம் படிப்பதையே 'பாடம் கேட்டல்' என்றுதான் சொல்லிவந்தோம். ஏடுகள் அரிதாக இருந்த காலத்துக்கு அது பொருந்திய வழி. பின்னால் அதே சொல்லுக்கு வினா என்ற பொருள் ஓங்கிவிட்டது. அறிவியல் வகுப்பில் மட்டும் பழைய பொருள்தான் நிலைத்திருக்கிறது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வினா எழுப்பும் உரிமை ஆசிரியரிடமும் வினாத்தாளிடமும் இருக்கிறது.

'எங்கள் பள்ளியில் செய்முறை இருக்கிறதே' என்று சொல்பவர்கள் உண்டு. மேல்நிலை வகுப்பில் நான் தனி ஊசல் சோதனை செய்த நாளைச் சொல்கிறேன். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று எண்ணி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். எனக்கு 921 வந்தது. வர வேண்டியது 980. மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்றோ, நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளந்தேனா என்றோ யாரும் கேட்கவில்லை. "980-க்குப் பக்கத்துல கொண்டுவந்து காட்டு" என்ற உத்தரவு மட்டும் வந்தது. பக்கத்து மேசைக்காரன் வித்தையைச் சொல்லிக் கொடுத்தான்: கடைசியில் 980 என்று எழுதிக்கொள், அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை நிரப்பு. அன்றைக்கு ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மை கையெழுத்து கிடைத்தது. அளந்து வந்த எண்ணை மறைத்து, வர வேண்டிய எண்ணை எழுதினால்தான் மதிப்பெண் என்பதை அறிவியல் ஆய்வகத்தில்தான் கற்றேன். பிறகு ஆசிரியராகி, நானும் பல பிள்ளைகளுக்கு அதையே கற்றுக் கொடுத்தேன். ரீடிங்கைச் சரிக்கட்டுவது இன்றும் பள்ளிக்குப் பள்ளி நடக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்கக் கூடாது. நாளைக்கு ஆற்று நீரில் எவ்வளவு நஞ்சு கலந்திருக்கிறது என்றும், கட்டடக் கலவையில் எவ்வளவு சிமெண்ட் இருக்கிறது என்றும், நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்றும் அளந்து எழுதப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

இதற்கு மாற்று உண்டா, அதுவும் வசதியில்லாத அரசுப் பள்ளிகளில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்த நாட்டிலேயே நடந்துகாட்டிய சான்று இருக்கிறது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் அந்த மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் மாநில அரசின் இசைவோடு அதைத் தொடங்கின. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். 1978-இல் திட்டம் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் இதை முன்னெடுக்க 'ஏகலவ்யா' அமைப்பு பிறந்தது. 2002-இல் மாநில அரசு நிறுத்தும்போது பல மாவட்டங்களில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகளில் அது நடந்துகொண்டிருந்தது.

'பால் வைக்ஞானிக்' என்ற அவர்களுடைய பாடநூலை முதன்முதலில் புரட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் விடைகள் கிடையாது. செய், பார், அட்டவணையில் எழுது, ஏன் என்று நண்பர்களோடு பேசு என்று போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை நோட்டில் எழுதுவதும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும். எட்டாம் வகுப்பு அரசுத் தேர்வில் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுத முடிந்தது. செய்முறைக்குத் தனித் தேர்வு இருந்தது. மனப்பாடம் செய்து பயனில்லை என்று தேர்வே சொல்லிவிட்டால், மனப்பாடம் தானாக உதிர்ந்துவிடும். கேள்வி எழுந்த பிள்ளைகள் 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதுவார்கள்; பதில் வரும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா 1970-களின் இறுதியில் இங்கே வந்து தங்கியபோதுதான் சைக்கிள் வால்வு ட்யூபையும் தீக்குச்சிகளையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்யத் தொடங்கினார். குப்பையிலிருந்து பொம்மை, பொம்மையிலிருந்து அறிவியல் என்று அவர் உருவாக்கியவை இன்று உலகமெங்கும் போயிருக்கின்றன. 2018-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

ஆனால் என்னை அதிகம் ஈர்த்தது வேறொன்று. அங்கே ஆசிரியர்களுக்குக் கோடையில் வாரக்கணக்கில் பயிற்சி நடந்தது. பயிற்சியோடு கைகழுவிவிடாமல், மாதம் ஒருமுறை அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடினார்கள். வகுப்பில் எந்தச் சோதனை சரியாக வரவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று அங்கே வெளிப்படையாகப் பேசினார்கள். அதைக் கேட்டுப் பாடநூலையே திருத்தினார்கள். 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒரு ஆசிரியர் சக ஆசிரியர்கள் முன்னால் சொல்லலாம். சொன்னால் குறிப்பாணை வராது. பிள்ளைகள் முன்னாலும் அவரால் அதைச் சொல்ல முடிந்ததற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

முப்பதாண்டுக் கால உழைப்பு ஏன் நிறுத்தப்பட்டது என்பதில் அரசியலும் உண்டு. மேல்வகுப்புப் பொதுத்தேர்வில் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற புகாரும் உண்டு. அந்தப் புகாரை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். எட்டாம் வகுப்பு வரை புத்தகத்தைத் திறந்து வைத்து யோசித்து எழுதிய பிள்ளையை, ஒன்பதாம் வகுப்பில் புத்தகத்தை மூடிவிட்டு ஒப்பிக்கச் சொன்னால் அது தடுமாறத்தான் செய்யும். பிழை எந்தப் பக்கம் என்பதை அப்போதும் யாரும் நின்று கேட்கவில்லை.

தமிழ்நாட்டிலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் ஆரம்பித்து, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அந்த முறையின் கற்றல் அட்டைகளும் ஏணிப்படிகளும் பரவின. ஆறு முதல் எட்டு வரை படைப்பாற்றல் கல்வி வந்தது, மனவரைபடம் வந்தது. நல்ல நோக்கத்தோடு, உழைப்போடு செய்யப்பட்டவை அவை. ஆனால் என் வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் 'மனவரைபடம் போட்டாச்சா?' என்று கேட்பார். பிள்ளைகள் நோட்டை நீட்டுவார்கள். நாற்பது நோட்டிலும் ஒரே மனவரைபடம்; கரும்பலகையில் நான் போட்டது. புதிய முறையும் சீக்கிரமே பழைய ரெக்கார்டு நோட்டாகிவிட்டது.

பள்ளிக்கு வெளியே நடந்தது வேறு கதை. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அது 1987 முதல் நடத்திவரும் 'துளிர்' இதழும், 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தங்கள் ஊர்க் கிணற்றையும் குப்பைமேட்டையும் ஆராய வைத்திருக்கின்றன. நான் வழிகாட்டிய ஒரு குழு, எங்கள் தெருக் கைப்பம்புகளின் தண்ணீரில் பருப்பு வேக எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தது. நீரின் கடினத்தன்மை என்ற பாடம் அந்த நான்கு பிள்ளைகளுக்கு ஆயுசுக்கும் மறக்காது. அதே வகுப்பிலிருந்த மற்ற முப்பத்தெட்டு பேர் பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதினார்கள். ஆர்வமுள்ள நான்கு பேருக்கு மட்டும் வாய்ப்பதாக இருந்தால் அதைக் கல்வி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவது பலிக்காது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ஒரு துறையில் புதிதாக நுழைபவரின் நினைவு ஒரே சமயத்தில் கொஞ்சத்தைத்தான் தாங்கும்; வழிகாட்டல் இல்லாமல் விட்டால் திணறுவார் என்பது அவர்கள் வாதம். 2015-இல் அறிவியலை மையமாக வைத்து நடந்த 'பிசா' பன்னாட்டுத் தேர்விலும், வினவல்வழி வகுப்புகள் அடிக்கடி நடப்பதாகச் சொன்ன மாணவர்கள் பல நாடுகளில் குறைந்த மதிப்பெண்ணே எடுத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், அதே மாணவர்கள்தான் அறிவியல் சார்ந்த வேலைக்குப் போக அதிகம் விரும்பினார்கள். அறிவியல் அறிவு எப்படி உருவாகிறது என்பதிலும் தெளிவாக இருந்தார்கள். சொல்லிக் கொடுத்தலே பெரும்பாலும் நடக்கிற நம் மாநிலத்து மாணவர்கள், அந்தத் தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் கலந்துகொண்டபோது பட்டியலின் அடியில்தான் இருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த மூன்று ஆய்வாளர்களின் எச்சரிக்கையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை நாற்பது நிமிடத்தில் தானாகக் கண்டுபிடிக்காது. வினவல்வழியில் ஆசிரியரின் வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கையை மாற்றலாம், ஆனால் தம்ளரை மாற்றக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். காற்றழுத்தம் என்ற சொல்லையும் நான்தான் கொடுத்தேன். அவர்கள் அதைக் கேட்கத் தயாராக இருந்த நொடியில் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இப்படி வழிகாட்டுவதற்குக் காசு செலவில்லாத ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒரு மீட்டர் நீளக் குச்சியைப் பள்ளி மைதானத்தில் நேராக நட வேண்டும். "உச்சி வெயில் எப்போது?" என்று கேட்டால் வகுப்பு முழுக்கப் பன்னிரண்டு மணி என்று சொல்லும். "நிழல்?" "காலடியில விழும் சார்." சரி, பார்ப்போம் என்று பதினொன்றரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்து அளக்கச் சொல்வேன். எங்கள் பகுதியில் நிழல் மிகக் குறுகும் நேரம் பிப்ரவரி நடுவில் 12.26-ஐ ஒட்டி வரும். நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டுக்குச் சற்று முன்பே வந்துவிடும். டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதிலும் குச்சியின் நிழல் 71 சென்டிமீட்டர் வடக்கே நீண்டு கிடக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் போய்ப் பார்த்தால் நிழல் தெற்கே சாய்ந்திருக்கும். அதைக் கண்ட பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். சூரியன் நம் தலைக்கு வடக்கே போகுமா என்ற கேள்வியை நான் எழுப்பவில்லை, நிழல் எழுப்பியது. அப்படியானால் நடுவில் ஏதோ ஒருநாள் நிழலே இல்லாமல் போக வேண்டுமே என்று அவர்களே கணித்தார்கள். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் காத்திருந்து அதைப் பார்த்தோம். பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்ற பாடத்தை அதற்குப் பிறகுதான் நடத்தினேன்.

இதையெல்லாம் விருப்பமுள்ள சில ஆசிரியர்களின் நல்ல மனசுக்கு விட்டுவிடாமல் எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோக என்ன வேண்டும்? முதலில் பத்தாம் வகுப்பு அறிவியலின் 25 செய்முறை மதிப்பெண்ணைத் தொட வேண்டும். நான் பார்த்தவரை அது பெரும்பாலான பள்ளிகளில் முழுதாகவோ, ஒன்றிரண்டு குறைத்தோ அப்படியே போடப்படுகிறது. சோதனைப் பட்டியல் புத்தகத்திலேயே இருக்கிறது. வர வேண்டிய விடையும் எல்லாருக்கும் தெரியும். அந்த 25-இல் பத்து மதிப்பெண்ணையாவது, பிள்ளை முன்பின் பார்க்காத ஒரு கேள்விக்கு ஒதுக்கலாம். மூன்று வகை மண்ணைக் கொடுத்து, எது தண்ணீரை அதிக நேரம் பிடித்து வைக்கும், எப்படிக் கண்டுபிடிப்பாய், செய்து பார்த்து வந்ததை எழுது என்று கேட்கலாம். விடை சரியா என்று பார்க்காமல், ஒரே அளவு மண் எடுத்தானா, ஒரே அளவு தண்ணீர் ஊற்றினானா, வந்த எண்ணையே எழுதினானா என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ஹோஷங்காபாத்தில் இதைப் போன்ற தேர்வைக் கிராமத்து ஆசிரியர்களே நடத்தினார்கள். நம்மால் முடியாதா?

அடுத்தது ஆசிரியர் கூடும் இடம். குறுவள மையக் கூட்டங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே திரையில் ஓடும் படங்களைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவதற்குப் பதில், அடுத்த மாதப் பாடத்தின் சோதனைகளை ஆசிரியர்களே கையால் செய்து பார்க்கட்டும். சரியாக வராதவற்றைக் கூடிப் பேசட்டும். அதைப் பாடநூல் குழுவுக்கு எழுதி அனுப்ப ஒரு வழி இருக்கட்டும். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் அறிவியல் பொருட்களைக் கொண்டுபோகிறது. கருத்தாளர்கள் வண்டியில் உபகரணங்களோடு வருகிறார்கள். பிள்ளைகள் ஓடிப்போய் வரவேற்கிறார்கள். அந்த உற்சாகம் உண்மையானது. அவர்கள் காட்டிவிட்டுப் போன பிறகு பிள்ளைகள் எழுப்பும் கேள்விகளோடு அடுத்த வாரம் முழுக்க வகுப்பு ஆசிரியர் இருக்க வேண்டுமே, அதற்கு நேரம் வேண்டும். அறிவியலுக்குத் தொடர்ந்து இரண்டு பாடவேளை வாரம் ஒருமுறையாவது வேண்டும். 'எமிஸ்' என்ற கல்வித் துறை இணையதளப் பதிவேற்றத்துக்கும் நலத்திட்டக் கணக்குகளுக்கும் ஆசிரியரின் மாலைப் பொழுதைக் கொடுத்துவிட்டு, அவர் அலமாரியைத் திறந்து மெழுகுவர்த்தியை ஏற்றிப் பார்க்கவில்லையே என்று குறைப்பட முடியாது.

பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் அறிவியல் நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால், எண்கள் கொஞ்சம் கோணலாக இருந்தால், 'சரியாக வரவில்லை, நாளை மறுபடி செய்ய வேண்டும்' என்று எழுதியிருந்தால், தயவுசெய்து ஆசிரியரைத் தேடிச் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த நோட்டில்தான் படிப்பு நடந்திருக்கிறது.

நிழல் அளந்த நாட்களில் ஒருநாள் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மேகம் வந்து மூடிக்கொண்டது. கால் மணி நேரம் நிழலே தெரியவில்லை. மறுநாள் நோட்டுகளைத் திருத்தும்போது பார்த்தேன். ஏறக்குறைய எல்லாரும் அந்தக் கால் மணி நேரத்துக்கும் எண்களை எழுதியிருந்தார்கள். முன்னும் பின்னும் இருந்த எண்களைப் பார்த்து நடுவில் பொருத்தமாக நிரப்பியிருந்தார்கள்; அட்டவணைகள் அழகாக இருந்தன. ஒரு பையனின் அட்டவணையில் மட்டும் மூன்று கட்டங்கள் காலி. ஓரத்தில் பென்சிலால் 'மேகம்' என்று எழுதியிருந்தான்.